கணினிக்குப் பூட்டு வந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் ஓய்வூதியர் வட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "சார், வீட்டுக்குள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்தானே? ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் பாஸ்வேர்டு கேட்குது. கேட்காம நேரா திறக்கிற மாதிரி வச்சுடலாமா?"

வைக்கலாம். அதற்கு வழி இருக்கிறது. 'தானியங்கி உள்நுழைவு' என்று அதற்குப் பெயர். செய்து முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனால் செய்யலாமா கூடாதா என்பதை அந்தப் பூட்டு எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டு முடிவு செய்வது நல்லது. இடைநிலை ஆசிரியனாக எல்லாப் பாடமும் நடத்தியவன் நான். எதையும் முதல் பாடத்திலிருந்து தொடங்கினால்தான் எனக்குத் திருப்தி. ஆகவே வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன்.

பூட்டு பிறந்த இடம்

கணினியில் கடவுச்சொல் வந்தது திருடனுக்குப் பயந்து அல்ல. பங்கு பிரிப்பதற்காக வந்தது.

1950-களில் கணினி என்பது ஒரு பெரிய அறையை அடைத்துக்கொண்டிருந்த இயந்திரம். ஒரு பல்கலைக்கழகத்துக்கே ஒன்றோ இரண்டோதான் இருக்கும். கணக்குப் போட வேண்டியவர், தன் நிரலைத் துளையிட்ட அட்டைகளில் தயாரித்து, கட்டாகக் கட்டி இயக்குநரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வரிசையில் அவர் முறை வரும்போது இயந்திரம் அதை ஓட்டும். விடை அச்சாகிக் கையில் கிடைக்கப் பல மணி நேரம் ஆகும், சில சமயம் மறுநாள் ஆகிவிடும். ஒரு காற்புள்ளி தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. நம் ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு மாற்று தேடினார்கள். இயந்திரம் மிக வேகமானது, மனிதன் மெதுவானவன். ஒருவர் யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இயந்திரம் இன்னொருவர் வேலையைப் பார்க்கலாமே? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ என்பவர் தலைமையிலான குழு இந்த யோசனையைச் செயலாக்கியது. 1961 நவம்பரில் ஓர் ஐ.பி.எம். 709 கணினியில் அதை ஓட்டிக் காட்டினார்கள். அந்த அமைப்பின் சுருக்கப் பெயர் சி.டி.எஸ்.எஸ். பலர் ஆளுக்கொரு தட்டச்சுப்பொறி போன்ற கருவியின் முன் உட்கார்ந்து, ஒரே கணினியை ஒரே நேரத்தில் பயன்படுத்தினார்கள். ஒவ்வொருவருக்கும் கணினி தனக்கே சொந்தம் போலத் தோன்றியது. நேரப் பகிர்வு என்று இதற்குப் பெயர்.

பலர் பகிர்ந்தால் இரண்டு சிக்கல் வரும். ஒன்று, யார் எவ்வளவு நேரம் பயன்படுத்தினார் என்று கணக்கு வைக்க வேண்டும். இரண்டு, ஒருவர் சேமித்து வைத்ததை இன்னொருவர் தொடக்கூடாது. ஒரே விடுதி அறையில் பல மாணவர்கள் தங்கினால் ஆளுக்கொரு டிரங்குப் பெட்டியும் பூட்டும் வைத்துக்கொள்வது போல, ஆளுக்கொரு பெயரும் ஆளுக்கொரு ரகசியச் சொல்லும் கொடுத்தார்கள். பொதுக் கணினியில் பாஸ்வேர்டு பிறந்த கதை இதுதான்.

அந்த அமைப்பில் வேலையைத் தொடங்க முதலில் அடிக்க வேண்டிய கட்டளை 'லாகின்'. இந்தச் சொல்லின் வேர் கப்பலில் இருக்கிறது. பழங்காலக் கப்பல்களில் வேகம் பார்க்க ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டிக் கடலில் வீசுவார்கள். குறிப்பிட்ட நேரத்தில் கயிற்றின் எத்தனை முடிச்சு ஓடுகிறது என்று எண்ணி ஒரு புத்தகத்தில் எழுதுவார்கள். அந்தக் கட்டைக்கு ஆங்கிலத்தில் 'லாக்'. அதனால் அந்தப் புத்தகம் 'லாக் புக்' ஆயிற்று. பிற்பாடு எந்தப் பதிவேட்டில் பெயர் எழுதினாலும் 'லாக்' என்றார்கள். ஆக, லாகின் என்றால் கதவைத் திறப்பதல்ல. பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது! காலையில் தலைமை ஆசிரியர் அறைக்குப் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டோமே, அதேதான்.

பூட்டு வந்த மறு ஆண்டே திருட்டு

பூட்டு போட்டால் திறந்து பார்க்க ஒருவன் வருவான். இங்கே வந்தவர் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர். அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது வாரத்துக்கு நான்கு மணி நேரம். அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. 1962-இல் அவர் ஓர் உபாயம் செய்தார். எந்தக் கோப்பை வேண்டுமானாலும் அச்சிடச் சொல்லித் துளை அட்டையில் விண்ணப்பம் கொடுக்கலாம் என்ற வசதி இருந்தது. எல்லோருடைய கடவுச்சொல்லும் இருந்த கோப்பின் பெயரை எழுதிக் கொடுத்தார். இயந்திரம் மறுபேச்சில்லாமல் அச்சிட்டுக் கொடுத்துவிட்டது! பிறகென்ன, மற்றவர்கள் கணக்கில் நுழைந்து ஆய்வைத் தொடர்ந்தார். பல ஆண்டுகள் கழித்துத்தான் அவரே இதை வெளியில் சொன்னார்.

அதே அமைப்பில் 1960-களின் நடுவில் இன்னொரு கூத்து நடந்தது. உள்ளே நுழைபவர் எல்லோருக்கும் முதலில் அன்றைய அறிவிப்பு ஒன்று தெரியும், நம் பள்ளி அறிவிப்புப் பலகை போல. ஒரு நாள் பிற்பகல் உள்ளே நுழைந்தவர்களுக்கு அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாகி வந்தன. காரணம் மிகச் சாதாரணமானது. நிர்வாகிகளில் ஒருவர் அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே நேரம் இன்னொருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். திருத்தும் கருவி இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பு போட்டது. இரண்டும் இடம் மாறிவிட்டன. கோர்பட்டோ கணினித் துறையின் மிக உயரிய விருதான டியூரிங் விருதை 1990-இல் பெற்றபோது, தம் உரையில் இந்தச் சம்பவத்தையும் எடுத்துச் சொன்னார்.

இரண்டு சம்பவத்திலும் யாரும் பூட்டை உடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சாவிக்கொத்து வைத்திருந்த இடம்தான் வெளியே தெரிந்துபோனது. பின்னால் வரப்போகும் கதைக்கு இது முக்கியம்.

தானியமும் மாவும்

அப்படியானால் சாவியை எங்கே வைப்பது? பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கியவர்கள் இதற்கு ஓர் அழகான விடை வைத்திருந்தார்கள். சாவியை இயந்திரத்தில் வைக்கவே வேண்டாம்.

எப்படி? தானியத்தை அரைத்தால் மாவாகும். மாவைத் திரும்பத் தானியமாக்க முடியாது. அதுபோல, கடவுச்சொல்லை ஒருவழிக் கணக்கு ஒன்றில் போட்டு அரைத்துவிடுவார்கள். கணினியில் சேமித்து வைப்பது மாவை மட்டும்தான். நாளை நீங்கள் வந்து கடவுச்சொல்லை அடித்தால், அதையும் அதே இயந்திரத்தில் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றுதானா என்று பார்க்கும். ஒன்றென்றால் உள்ளே விடும். கோப்பு முழுவதையும் ஒருவன் அச்சிட்டு எடுத்துப் போனாலும் அவன் கையில் இருப்பது மாவுதான்.

ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் இருவரும் 1979-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் ஒரு கணக்கு இருக்கிறது. பயனர்கள் தாமாகத் தேர்ந்தெடுத்த 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தார்கள். 15 பேர் ஒரே ஒரு எழுத்தைக் கடவுச்சொல்லாக வைத்திருந்தார்கள். 72 பேர் இரண்டு எழுத்து. 464 பேர் மூன்று எழுத்து. அகராதியிலும் பெயர்ப் பட்டியல்களிலும் அப்படியே கிடைப்பவை 492. இப்படி எளிதில் பிடிபடக்கூடியவை மொத்தம் 2,831, அதாவது 86 சதவீதம்! அந்தக் காலத்தில் கணினியைத் தொட்டவர்கள் படித்தவர்கள், துறை வல்லுநர்கள். அவர்களே அப்படி. ஆகவே பேரன் பெயரைப் பாஸ்வேர்டாக வைத்திருக்கும் நண்பர்கள் மனம் தளர வேண்டாம். நமக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள்!

இந்தத் தானியம், மாவு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தானியங்கி உள்நுழைவின் சிக்கல் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்த கணினிக்குப் பூட்டில்லை

1975-இல் ஆல்டேர் 8800, 1977-இல் ஆப்பிள் 2, 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். பி.சி. என்று கணினி மேசைக்கு வந்தது. ஒரு மேசை, ஒரு கணினி, ஓர் ஆள். பங்கு பிரிக்க யாருமில்லை. எனவே பூட்டும் இல்லை. ஐ.பி.எம். பி.சி.யில் டாஸ் தட்டைச் செருகி ஆன் செய்தால், தேதியும் நேரமும் கேட்டுவிட்டு, 'என்ன செய்யட்டும்' என்பது போல ஒரு எழுத்தும் ஒரு குறியும் காட்டி நிற்கும். "நீ யார்?" என்று அது கேட்டதே இல்லை. கிராமத்து வீடுகளில் பகல் முழுக்க வாசல் கதவு திறந்தே கிடந்த காலத்தைப் போன்றது அது.

1984-இல் வந்த ஐ.பி.எம். பி.சி. ஏ.டி. கணினியில் ஒரு பூட்டு இருந்தது. மென்பொருள் பூட்டல்ல. பெட்டியின் முன்பக்கம் உண்மையான சாவித் துவாரம், உண்மையான சாவி! பீரோவைப் பூட்டுவது போலப் பூட்டினால் விசைப்பலகை வேலை செய்யாது. அலுவலக மேசைகளுக்கு அது தேவைப்பட்டது. வீடுகளுக்குத் தேவைப்படவில்லை.

1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வந்தது. அதில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் ஒரு பெட்டி வரும். அந்தக் காலத்தில் பயன்படுத்தியவர்களுக்கு நினைவிருக்கும், 'கேன்சல்' பொத்தானை அமுக்கினாலும் உள்ளே போய்விடலாம். அது ஏமாற்று வேலையல்ல. அந்தப் பெட்டி கேட்டது வலையமைப்பில் இணையவும், ஆளுக்கேற்ற திரை அமைப்பைக் காட்டவும்தான். கணினியைக் காப்பது அதன் வேலையே அல்ல. ஆனால் பாஸ்வேர்டு போட்டிருக்கிறோம், பத்திரம் என்று நினைத்தவர்கள் அன்று ஏராளம்.

உண்மையான பூட்டு இன்னொரு வரிசையில் வளர்ந்தது. 1993-இல் அலுவலகங்களுக்காக வந்த விண்டோஸ் என்.டி. அது. அதில் நுழைய மூன்று விசைகளைச் சேர்த்து அமுக்க வேண்டும்: கன்ட்ரோல், ஆல்ட், டெலீட். கணினி உறைந்துபோனால் மறுபடி தொடங்க ஐ.பி.எம். பொறியாளர் டேவிட் பிராட்லி உருவாக்கிய கூட்டு விசை அது. அதை ஏன் வாசலில் வைத்தார்கள்? யாராவது பொய்யான உள்நுழைவுத் திரையைக் காட்டி உங்கள் கடவுச்சொல்லைப் பறித்துவிடலாம் அல்லவா? அந்த மூன்று விசைகளை அமுக்கினால், அது நேரே இயங்குதளத்திடம் மட்டுமே போகும். வேறு எந்த நிரலும் குறுக்கே புக முடியாது. அப்படி அமுக்கிய பிறகு வரும் திரை உண்மையான திரை என்று நம்பலாம்.

ஆக, ஒரு பக்கம் கதவே இல்லாத வீடு, மறுபக்கம் காவலாளி நிற்கும் கோட்டை. தானியங்கி உள்நுழைவு பிறந்தது வீட்டில் அல்ல, கோட்டையில்!

காவலாளியிடமே சாவி

கோட்டைக்குள் சில கணினிகளுக்கு முன்னால் ஆளே இருக்க மாட்டார்கள். தகவல் பலகை, ஆலையில் ஓர் இயந்திரத்தை ஓட்டும் கணினி, நாள் முழுக்க ஒரே நிரலை ஓட்டும் கணினி. மின்சாரம் போய் வந்தால் அது தானாகவே எழுந்து வேலைக்குப் போக வேண்டும். "பாஸ்வேர்டு?" என்று கேட்டுக்கொண்டு நின்றால் யார் அடிப்பது?

அதற்காக விண்டோஸ் என்.டி.யில் ஒரு வழி வைத்தார்கள். அமைப்புகள் எல்லாம் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரி என்ற இடத்தில் மூன்று பதிவுகள்: தானாக நுழையவா என்பதற்கு ஒன்று, யார் பெயரில் என்பதற்கு ஒன்று, அவர் கடவுச்சொல் என்ன என்பதற்கு ஒன்று. கணினி எழும்போது இவற்றைப் படித்து, உங்களுக்குப் பதிலாகத் தானே கடவுச்சொல்லைச் சொல்லி உள்ளே போகும்.

தானியங்கி உள்நுழைவு என்றால் பூட்டைக் கழற்றி எறிவதாக நினைக்கிறோம். இங்கே நடப்பது அதுவல்ல. பூட்டு அப்படியே இருக்கிறது. சாவியைக் காவலாளி கையிலேயே கொடுத்து, "விடிந்ததும் நீயே திறந்துவிடு" என்று சொல்கிறோம்.

காவலாளி கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டுமென்றால் அவனிடம் தானியம் இருந்தாக வேண்டும், மாவு போதாது. ஆகவே யூனிக்ஸ்காரர்கள் பாடுபட்டு ஒழித்த பழைய வழக்கம் பின்வாசல் வழியாகத் திரும்ப வந்தது. அந்த ரெஜிஸ்ட்ரி பதிவில் கடவுச்சொல் அப்பட்டமாக, படிக்கும் எழுத்திலேயே இருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரிந்தவர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நாம் வீட்டைப் பூட்டிச் சாவியை நிலைக்கு மேலே வைத்துவிட்டுப் போவோமே, அதே கதை.

பிறகு அதை மறைத்து வைக்கும் வழிகள் வந்தன. மைக்ரோசாஃப்ட் தரும் 'ஆட்டோலாகான்' என்ற சிறு கருவி அதைக் குறியாக்கம் செய்து வைக்கும். ஆனால் நிர்வாகி உரிமை உள்ளவர் அதை எளிதில் எடுத்துவிட முடியும் என்று அந்த நிறுவனமே தன் விளக்கக் குறிப்பில் எழுதியிருக்கிறது. மேக் கணினியிலும் தானியங்கி உள்நுழைவு போட்டால் கடவுச்சொல் ஒரு கோப்பில் லேசாகக் கலைத்து வைக்கப்படும். எல்லா மேக்கிலும் கலைக்கும் முறை ஒன்றே என்பதால் அதைத் தெரிந்தவருக்குத் திரும்ப அடுக்குவது பெரிய காரியமல்ல.

லினக்ஸ் வேறு வழி பார்த்தது. அங்கே உள்நுழைவுத் திரையிடம், "இந்தப் பெயர்க்காரரைக் கேட்காமலே விடு" என்று எழுதிவைத்தால் போதும். கடவுச்சொல்லைச் சேமிப்பதே இல்லை. நல்லதுதான். ஆனால் உள்ளே போனதும் சில கணினிகளில் ஒரு பெட்டி வந்து கடவுச்சொல் கேட்கும். பலரும் எரிச்சலோடு ஏன் என்று கேட்பார்கள். காரணம் இதுதான்: வைஃபை, மின்னஞ்சல் போன்றவற்றின் ரகசியங்கள் ஒரு சாவிப்பெட்டிக்குள் இருக்கின்றன. அந்தப் பெட்டி உங்கள் உள்நுழைவுக் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் வாசலில் கடவுச்சொல்லைச் சொல்லாமலே வந்துவிட்டதால் பெட்டி திறக்கவில்லை. அதாவது, அந்தச் சொல் வாசல் சாவி மட்டுமல்ல, உள்ளே இருக்கும் பீரோவுக்கும் அதுதான் சாவி.

குடும்பக் கணினி

2001 அக்டோபர் 25 அன்று விண்டோஸ் எக்ஸ்.பி. விற்பனைக்கு வந்தது. கோட்டையின் அடித்தளத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது அதுதான். நீல நிற வரவேற்புத் திரை, ஆளுக்கொரு படம், அப்பாவுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த அதே நிலை, இப்போது குடும்பத்துக்குள்: ஒரு கணினி, பல ஆட்கள். வீட்டில் ஒரே ஒரு கணக்கும், அதற்குக் கடவுச்சொல்லும் இல்லையென்றால், அது கேட்காமலே நேரே உள்ளே போனது. பெரும்பாலான வீடுகளில் தானியங்கி உள்நுழைவு இப்படித்தான் யாரும் போடாமலே இருந்தது.

இதில் ஒரு நுணுக்கம். கடவுச்சொல் இல்லாத கணக்கில், அந்தக் கணினியின் முன் உட்கார்ந்தவர் மட்டுமே நுழைய முடியும் என்று எக்ஸ்.பி.யில் விதி வைத்தார்கள். வலையமைப்பு வழியாக இன்னொரு கணினியிலிருந்து அந்தக் கணக்கில் நுழைய விடாது. ஆகவே வீட்டில் பத்திரமாக இருக்கும் கணினிக்கு, ஒன்று இரண்டு மூன்று என்று ஊரறிந்த கடவுச்சொல் வைப்பதைவிட, கடவுச்சொல்லே வைக்காமல் இருப்பது ஒரு விதத்தில் மேல் என்ற வேடிக்கையான நிலை அன்று இருந்தது.

2012-இல் வந்த விண்டோஸ் 8 கதையை மாற்றியது. கணினிக் கணக்கும் இணையக் கணக்கும் ஒன்றாகலாம் என்று ஆயிற்று. 2015-இல் விண்டோஸ் 10 முகம், கைரேகை, பின் எண் என்று கொண்டுவந்தது. அந்தப் பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது. வேறு இடத்திலிருந்து அதை வைத்து உங்கள் இணையக் கணக்கில் நுழைய முடியாது. இப்போது பல கணினிகளில் தானியங்கி உள்நுழைவுக்கான கட்டத்தைத் தேடினால் கண்ணில் படாது. முக அடையாளம், பின் எண் வழியாக மட்டுமே நுழைய வேண்டும் என்ற அமைப்பு ஆனில் இருந்தால் அந்தக் கட்டத்தை மறைத்துவிடுகிறார்கள். உங்கள் கண்ணில் குறையில்லை, நண்பர்களே.

இன்று பூட்டு எதைக் காக்கிறது?

1995-இல் வீட்டுக் கணினிக்குள் என்ன இருந்தது? இரண்டு கடிதம், சீட்டு விளையாட்டு, பிள்ளைகளின் படம். இன்று? மின்னஞ்சல் திறந்தே கிடக்கிறது. உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்கள். மின்னஞ்சல் கையில் இருந்தால், "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று சொல்லி மற்றக் கணக்குகள் பலவற்றையும் மாற்றிவிடலாம். ஆகவே அன்று வாசல் திறந்திருந்ததும் இன்று வாசல் திறந்திருப்பதும் ஒன்றல்ல.

அதே சமயம் பூட்டின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். இணையம் வழியாக வரும் வைரஸை அது தடுக்காது. நீங்கள் கடவுச்சொல் அடித்து உள்ளே போன பிறகுதானே அது வருகிறது? போலி வங்கி அழைப்பையும் தடுக்காது. பூட்டு தடுப்பது ஒரே ஒருவரை: உங்கள் கணினியின் முன்னால் வந்து உட்காருபவரை.

எங்களோடு பணியாற்றிய மூத்த ஆசிரியர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். மிகவும் ஒழுங்கானவர். எல்லாம் கணினியில்தான். அவருடைய துணைவியார் என்னை அழைத்து, "தம்பி, அவர் எல்லாத்தையும் அந்தப் பெட்டிக்குள்ளதான் வச்சிருந்தார். எனக்குத் திறக்கத் தெரியல" என்றார். கடவுச்சொல் அவரோடு போய்விட்டது. கணினி பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர் வந்து, வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினார். குடும்பப் படங்கள் அத்தனையும் வந்தன. அக்காவுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. ஆனால் உலாவியில் அவர் சேமித்து வைத்திருந்த கடவுச்சொற்கள் வரவில்லை. அவை உள்நுழைவுக் கடவுச்சொல்லோடு சேர்த்துப் பூட்டப்பட்டவை. எந்தெந்தப் பாலிசி, எந்தெந்தக் கணக்கு என்று அந்த அம்மா ஒவ்வொரு படியாக ஏறி இறங்க வேண்டியிருந்தது.

அது பழைய கணினி. புதிய கணினிகள் பலவற்றில் வன்தட்டே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். அங்கே கழற்றி மாட்டினாலும் படம்கூட வராது. மீட்புச் சாவி என்று ஒரு நீண்ட எண் இருந்தால்தான் வரும்.

இந்தச் சம்பவத்தில் இரண்டு பாடம் இருக்கிறது. திருடனைத் தடுக்கும் பூட்டு நம் வீட்டாரையும் தடுக்கும். குறியாக்கம் இல்லாத கணினியில் பூட்டு இருந்தும் படங்களைக் காக்காது. நம் வயதில் முதல் பாடம்தான் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. நம்மில் பலருக்குக் கணினித் திருட்டு நடக்காமலே போகலாம். மறதியும் முதுமையும் பிரிவும் நடக்காமல் போகாது.

அப்படியானால் தானியங்கி உள்நுழைவு போடலாமா?

மடிக்கணினிக்கு வேண்டவே வேண்டாம். பேருந்திலும் ரயிலிலும் போவது அது. வன்தட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தாலும், ஆன் செய்தவுடன் அதுவே திறந்துகொண்டால் குறியாக்கத்தால் என்ன பயன்? மேக் கணினியில் வன்தட்டுக் குறியாக்கம் போட்டால் தானியங்கி உள்நுழைவை அதுவே அனுமதிக்காது. அதன் காரணம் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் மேசைக் கணினி, இருப்பது கணவன் மனைவி இருவர் மட்டும் என்றால் ஒரு நடுவழி உண்டு. இரண்டு கணக்கு வையுங்கள். செய்தித்தாள், பாட்டு, பேரனோடு காணொளி அழைப்பு இவற்றுக்கு ஒரு சாதாரணக் கணக்கு, நிர்வாகி உரிமை இல்லாதது. அதற்குத் தானியங்கி உள்நுழைவு போடுங்கள். வங்கி, மின்னஞ்சல், ஓய்வூதியத் தாள்கள் இவற்றுக்குத் தனிக் கணக்கு, கடவுச்சொல்லோடு. திண்ணை திறந்திருக்கட்டும், பீரோ பூட்டியிருக்கட்டும். பழைய வீடுகள் அப்படித்தானே கட்டப்பட்டிருந்தன?

தானியங்கி உள்நுழைவு போட்டவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. தினமும் அடிக்காத கடவுச்சொல் சில மாதத்தில் மறந்துபோகும். கணினி ஒரு நாள் ஏதோ காரணத்தால் மறுபடி கேட்கும். அன்றைக்குத்தான் திண்டாட்டம். வாசலைத் திறந்து வைப்பவர்தான் சாவியை இன்னும் பத்திரமாக வைக்க வேண்டும்.

எங்கே வைப்பது? காகிதத்தில் எழுதி வையுங்கள். திரையின் ஓரத்தில் ஒட்டாதீர்கள். வீட்டுப் பத்திரம், நகை ரசீது வைக்கும் இடத்தில் வையுங்கள். மீட்புச் சாவி எண்ணையும் அதில் எழுதுங்கள். அது இருக்கும் இடத்தைத் துணைக்கும், நம்பிக்கையான ஒரு பிள்ளைக்கும் சொல்லிவையுங்கள். எழுதி வைப்பது அவமானம் என்று நினைக்க வேண்டாம். பாஸ்வேர்டைக் கணினிக்குக் கொண்டுவந்த கோர்பட்டோ, 2019-இல் தம் 93-ஆம் வயதில் மறைந்தார். தாம் தொடங்கி வைத்தது இப்படிப் பெருகி ஒரு பெரும் தொல்லையாகிவிட்டதே என்று கடைசிக் காலத்தில் அவரே சொன்னார். தம்முடைய கடவுச்சொற்களை அவர் மூன்று பக்கத் தட்டச்சுப் பட்டியலாக வைத்திருந்தார். பூட்டைச் செய்தவரே காகிதத்தில் எழுதி வைத்தார். நமக்கென்ன கூச்சம்?

உங்கள் வீட்டில் எப்படி? கணினியைத் திறக்க உங்களைத் தவிர இன்னொருவருக்குத் தெரியுமா? கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.

பாஸ்வேர்டை மட்டும் எழுதிவிடாதீர்கள்!